மழை மாதங்களில் உதகைக் குழந்தைகள் ஓடி விளையாடக் கூரையுள்ள இடம் எது?

பெர்ன்ஹில்வாசி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். கோவையிலிருந்து மாற்றலாகி நாங்கள் உதகைக்கு வந்து இது இரண்டாவது ஆண்டு. மகனுக்கு ஏழு வயது, மகளுக்கு நான்கு. மே மாதத்தில் எங்களைப் பார்க்க வரும் உறவினர்கள் எல்லாரும் "கொடுத்து வைத்தவர்கள்" என்று சொல்லிவிட்டு மலையிறங்குகிறார்கள். ஜூனில் தொடங்கும் மழையையும், மழை விட்ட பிறகும் விடாத மூடுபனியையும், மாலை நான்கு மணிக்கே விளக்கேற்ற வேண்டியிருக்கும் வீட்டையும் அவர்கள் பார்த்ததில்லை. சென்ற ஜூலையில் என் மகன் கட்டிலிலிருந்து தரைக்கும் தரையிலிருந்து கட்டிலுக்கும் எத்தனை முறை குதித்தான் என்பதை நான் எண்ணவில்லை. கீழ்வீட்டுக்காரர் எண்ணியிருக்கிறார், மேலே வந்து சொல்லிவிட்டும் போனார்.

அரசு அருங்காட்சியகம், மாவட்ட மைய நூலகம், முத்தோரை பாலடாவில் உள்ள பழங்குடியினர் ஆய்வு மையத்தின் காட்சிக்கூடம் எல்லாவற்றுக்கும் போய் வந்தோம். மூன்றும் நல்ல இடங்கள், ஆனால் மூன்றிலும் "ஓடாதே, தொடாதே" என்றுதான் நான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஏரிப் பக்கம் இருக்கும் விளையாட்டுக் கூடங்களில் திரையைப் பார்த்துச் சுடுவதும், காசு போட்டால் ஆடும் குதிரையும் உண்டு. கட்டணமோ ஆண்டுக்கொருமுறை வருபவர்களைக் கணக்கில் வைத்து வைக்கப்பட்டது. கோவையின் வணிக வளாகங்களில் இருப்பதைப் போல, சறுக்குமரமும் வலைப்பாலமும் மெத்தைத் தரையும் கொண்ட உள்ளரங்கம் இங்கே எங்கேனும் இருக்கிறதா? இல்லையென்றால், ஆண்டில் பாதி நாள் மழை பெய்யும் ஊரில் அது ஏன் இல்லை?

நடைப்பிரியர்

பொம்மை ரயிலில் குன்னூர் வரை போய்த் திரும்புங்கள். குழந்தைகளுக்கு அலுக்கவே அலுக்காது.

பெர்ன்ஹில்வாசி

நன்றி ஐயா. நான்கு முறை போய்விட்டோம். அது உட்கார்ந்து பார்க்கும் இன்பம். இறங்கியதும் நடைமேடையில் ஓட ஆரம்பித்துவிடுகிறார்கள். மேலும் மழை வலுத்தால் பாதையில் மண் சரிந்து முதலில் ரத்தாவதும் அந்த ரயில்தானே.

வெலிங்டன்காரர்

சகோதரி, முதலில் ஒரு சிறு திருத்தம். "மழை மாதங்கள்" என்று நீங்கள் சொல்வது உதகைக்குப் பொருந்தும்; குன்னூர்ப் பக்கம் இருக்கும் எங்களுக்குப் பொருந்தாது. தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர், அவலாஞ்சிப் பக்கங்களைத்தான் நனைத்தெடுக்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதை யாரும் மறந்திருக்க முடியாது. குன்னூரும் கோத்தகிரியும் கிழக்குச் சரிவில் இருப்பதால் எங்களுக்கு மழைக்காலம் என்பது அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவம்தான். 2009 நவம்பரில் நாற்பதுக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோன நிலச்சரிவுகளும் அந்த மழையில் நேர்ந்தவையே.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், உதகையில் ஒரு பெரிய கூடம் கட்டிவிட்டால் மாவட்டத்துக்கே போதும் என்று யாராவது எழுதுவதற்கு முன் சொல்லிவிட வேண்டும் என்பதற்காகத்தான். அடைமழையில் ஆட்சியர் பள்ளிகளுக்கு விடுமுறை விடுவதே குழந்தைகள் சாலையில் போக வேண்டாம் என்பதற்காக. அந்த விடுமுறையில் அவர்களை வண்டியில் ஏற்றி, மரம் விழும் சாலையில் பதினெட்டு கிலோமீட்டர் கூட்டிக்கொண்டு போய் விளையாடவிடுவது என்ன நியாயம்? சிவப்பு எச்சரிக்கை உள்ள நாட்களில் வீடுதான் இடம். நாம் பேச வேண்டியது மற்ற நாட்களை, அதாவது பள்ளி நடந்து, மாலையில் தூறலும் பனியுமாக இருந்து, வெளியே விட முடியாத அந்த நூற்றுக்கு மேற்பட்ட சாதாரண மாலைகளை. அவற்றுக்கு நடந்து போகும் தொலைவில் ஓரிடம் வேண்டும்.

பழைய ஊட்டிக்காரன்

எங்கள் காலத்தில் எந்த உள்ளரங்கமும் இல்லை. ரெயின்கோட்டையும் கம் பூட்ஸையும் மாட்டிக்கொண்டு மழையிலேயே ஆடினோம். இப்போது பிள்ளைகளைப் பஞ்சில் பொத்தி வளர்க்கிறீர்கள். மழை பட்டால் கரைந்துவிடுவார்களா?

மருந்தும் மழையும்

அண்ணா சொல்வதில் பாதியை ஏற்கிறேன். நான் செவிலியராகப் பணியாற்றுகிறேன். நனைவதால் மட்டும் சளி பிடிப்பதில்லை, கிருமி வேண்டும். தூறல் நாளில் அரை மணி நேரம் பூட்ஸுடன் வெளியே விடுவது நல்லதே. ஆனால் ஜூலை மாதத்தில் உதகையில் பகல் வெப்பநிலை 16, 17 டிகிரியைத் தாண்டாத நாட்கள் பல உண்டு. காற்றும் சேர்ந்தால் நனைந்த நான்கு வயதுக் குழந்தையின் உடல்சூடு விரைவில் இறங்கிவிடும். கூடலூர்ப் பக்கமென்றால் அட்டைக்கடியும் சேர்ந்துகொள்ளும். எனவே வெளியே அரை மணி, மீதிக்கு உள்ளே என்பதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

"மீதி" எவ்வளவு என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் நாள் முழுவதிலுமாகச் சேர்த்து 180 நிமிடங்களாவது உடலை அசைத்துக்கொண்டிருக்க வேண்டும். அதில் 60 நிமிடங்கள் மூச்சு வாங்கும் அளவுக்கு ஓட்டமும் குதிப்புமாக இருக்க வேண்டும். அந்த வயதில் திரைமுன் உட்காருவது ஒரு மணி நேரத்துக்குள் அடங்க வேண்டும் என்றும் அதே ஏடு சொல்கிறது. ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடங்கள். மழை நாளில் பல்லாங்குழியும் தாயமும் ஆடுபுலி ஆட்டமும் எடுத்து வையுங்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். கணக்குக்கும் பொறுமைக்கும் அவை நல்லவை, நானும் ஆடியிருக்கிறேன். ஆனால் மூச்சு வாங்கும் அந்த ஒரு மணி நேரத்தை அவற்றால் ஈடுகட்ட இயலாது. அதற்குத் தரைதான் வேண்டும்.

பழைய ஊட்டிக்காரன்

நான்கு வயது என்பதை நான் கவனிக்கவில்லை, தங்கச்சி. ஏழு வயதுக்காரனுக்கு நான் சொன்னது சொன்னதுதான்.

பூட்டிய கடை

இப்படியொரு உள்ளரங்கத்தை உதகையில் இரண்டு ஆண்டுகள் நடத்தி மூடியவன் என்ற முறையில், "ஏன் இல்லை" என்ற கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியும்.

முதலாவது, வருமானம் வரும் காலமும் தேவை இருக்கும் காலமும் இங்கே ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை. ஏப்ரல், மே மாதங்களில் கூட்டம் தாங்காது. அப்போது உள்ளூர்க் குழந்தைகளுக்கு வெளியிலேயே வெயிலும் புல்வெளியும் இருக்கின்றன. ஜூன் பிறந்து மழை இறங்கியதும் சுற்றுலாப் பயணிகள் மறைந்துவிடுவார்கள். அப்போது உள்ளே வருபவர்கள் மூன்றோ நான்கோ உள்ளூர்க் குழந்தைகள். வாடகை மட்டும் பன்னிரண்டு மாதத்துக்கும் ஒன்றுதான். பயணியின் குழந்தை வாழ்நாளில் ஒருமுறை வருவதால் ஒரு கட்டணத்தைக் கேட்கலாம். வாரத்தில் நான்கு நாள் வரும் அண்டைவீட்டுக் குழந்தையிடம் அதையே எப்படிக் கேட்பது? மாத அட்டை போட்டுப் பார்த்தேன். அட்டை வாங்கியவர்கள் மகிழ்ச்சியாக இருந்தார்கள். எனக்கு மின்கட்டணம் கட்டக் காணவில்லை.

இரண்டாவது, ஈரம். சமவெளியில் இத்தொழிலைக் கற்றுக்கொண்டு வருபவர் எவருக்கும் இது தெரியாது. ஆகஸ்டில் சுவரில் ஓதம் ஏறும். அந்த ஓதம் தரைக்கு இறங்கி, ஒன்றோடொன்று கோத்துப் போடும் ஃபோம் விரிப்பின் அடியில் தங்கும். மேலே பார்த்தால் நிறம் பளிச்சென்று இருக்கும். ஒரு துண்டைத் தூக்கினால் கறுப்புப் பூஞ்சை. வாரம் இருமுறை எல்லா விரிப்புகளையும் எடுத்து நிமிர்த்திச் சாய்த்து வைத்து, விசிறியைப் போட்டு உலர்த்த வேண்டும். பந்துத் தொட்டியின் கதை இன்னும் மோசம். கோவையில் பந்துகளைச் சோப்பு நீரில் அலசி மொட்டைமாடியில் கொட்டினால் அரை நாளில் காய்ந்துவிடும். எனக்கு நான்கு நாள் ஆயிற்று, அதன் பிறகும் ஒரு வாடை போகவில்லை. கடைசியில் தொட்டியை எடுத்துவிட்டேன். அதை எடுத்ததும் குழந்தைகள் வருவது குறையும் என்று பயந்தேன்; காலியான அந்த இடத்தில் அவர்கள் சும்மா வட்டமாக ஓட ஆரம்பித்தார்கள். நான் லட்சக்கணக்கில் கொட்டிய சாமான்களைக் காட்டிலும் அந்தக் காலி இடத்தில்தான் கூட்டம் அதிகம் இருந்தது என்பதைச் சொல்ல எனக்கு இப்போதும் கொஞ்சம் கசப்பாகத்தான் இருக்கிறது.

மருந்தும் மழையும்

பந்துத் தொட்டியை எடுத்தது நல்ல காரியம், அண்ணா. வாயில் வைத்த பந்தை அடுத்த குழந்தை எடுப்பதால் கை, கால், வாய் நோய் பரவ அதைவிட எளிய வழி இல்லை. அதை உண்டாக்கும் வைரஸ் வகைகளுக்குக் கைகளில் தடவும் ஆல்கஹால் திரவம் அவ்வளவாக எடுபடாது. சோப்பும் ஓடும் நீரும்தான் வேண்டும். பல இடங்களில் வாசலில் திரவப் புட்டியை வைத்துவிட்டுக் கைகழுவும் தொட்டியை மறந்துவிடுகிறார்கள்.

கட்டடக்காரன்

உயரமான சறுக்குமரமும் வலைப்பாலமும் ஏன் இங்கு வருவதில்லை என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அவற்றை இரண்டு மூன்று அடுக்காக நிறுத்த உயர்ந்த கூரை வேண்டும். நீலகிரியில் கட்டட உயரத்தை 7 மீட்டருக்குள் நிறுத்தும் கட்டுப்பாடு நீண்ட காலமாக இருந்து வருகிறது; அந்த உயரத்துக்குள் வணிக நோக்கில் கட்டுபவர் இரண்டு தளம் எடுக்கத்தான் பார்ப்பாரே தவிர, ஒரே கூடமாக உயர்த்திவிட மாட்டார். சரிவில் மண்ணை வெட்டிப் பெரிய சமதளம் உண்டாக்குவதும் இந்த மலையில் செய்யக்கூடாத வேலை. கட்டுப்பாட்டைக் குறை சொல்லவில்லை. 2009-ஐப் பார்த்தவன் நான்.

ஆகவே புதிதாகக் கட்டுவதை விட்டுவிட்டு இருக்கும் கட்டடத்தைப் பயன்படுத்தலாம் என்று யாராவது சொன்னால், அதற்கும் ஒரு எச்சரிக்கை. 2024 மே 25 அன்று ராஜ்கோட்டில் ஓர் உள்ளரங்க விளையாட்டுக் கூடம் எரிந்து 25-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். குழந்தைகளும் அதில் உண்டு. தகரத்தாலும் இரும்புச் சட்டங்களாலும் ஆன தற்காலிகக் கூடாரம், தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று இல்லை. கும்பகோணத்தில் 2004 ஜூலையில் நாம் 94 குழந்தைகளைப் பறிகொடுத்ததற்குப் பிறகும் இப்படி நடக்கிறது. ஃபோம், ரெக்சின், செயற்கைப் புல் மூன்றும் பிடித்தால் நிமிடங்களில் எரிந்து கரும்புகை கக்கும் பொருட்கள். மழைக்குப் பயந்து பின்கதவை அடைத்துப் பூட்டு போட்டிருக்கும் கூடம் எதுவாயினும் அதற்குள் என் குழந்தையை நான் அனுப்ப மாட்டேன்.

மலைக்கே உரிய ஒன்றையும் சேர்த்துக்கொள்கிறேன். குளிருக்காகக் கரிக் கணப்பை உள்ளே வைக்கும் பழக்கம் இங்கே இன்னும் இருக்கிறது. மூடிய அறையில் கரி கனன்றால் கார்பன் மோனாக்சைடு சேரும். நிறமும் கிடையாது, மணமும் கிடையாது, தூக்கம் வருவது போலிருந்து ஆளை முடித்துவிடும். ஓடும் குழந்தைகளுக்குக் கணப்பே தேவையில்லை. உட்கார்ந்திருக்கும் பெற்றோருக்குத்தான் குளிரும். அவர்கள் கம்பளி கொண்டு வரட்டும்.

சேரம்பாடிப் பேத்தி

இந்த இழையைப் படிக்கும்போது என் பாட்டியின் நினைவு வந்தது. 1964 சிரிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்து, அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்த குடும்பம் எங்களுடையது. பாட்டி கொழுந்து பறித்துவிட்டு, கால் முடியாமல் போன பிறகு பிள்ளைக் காம்பராவில், அதாவது தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில், ஆயாவாக இருந்தார். இலங்கையிலும் அதை அந்தப் பெயரில்தான் அழைத்தார்களாம். 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டப்படி, ஐம்பது பெண்களோ அதற்கு மேலோ வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைகள் காப்பகம் வைத்தாக வேண்டும் என்று இருந்தது. தோட்டத்து மழை என்றால் கொழுந்து பறிப்பவளுக்கு விடுமுறை அல்ல. நெகிழிச் சாக்கைத் தலையிலிருந்து போர்த்திக்கொண்டு மலையேறுவார்கள். பிள்ளைகள் அந்த ஒற்றை அறையில் இருப்பார்கள்.

அங்கே விளையாட்டுச் சாமான் என்று எதுவும் கிடையாது. பாட்டி செய்ததெல்லாம் தரையைச் சாக்கால் ஒத்தி ஒத்தி உலர வைத்ததுதான். பாண்டிக் கட்டத்தைக் கரித்துண்டால் தரையிலேயே வரைவார். மாலையில் துடைத்துவிடுவார், மறுநாள் பிள்ளைகளே வரைவார்கள். உதகையில் தேடப்படும் பொருளுக்கு மலையில் சட்டமே எழுபது ஆண்டுகளுக்கு முன் ஏற்பாடு செய்திருக்கிறது என்பதைச் சொல்லத் தோன்றியது. எத்தனை தோட்டங்களில் அந்த அறைகளுக்கு இன்னும் கூரை ஒழுகாமல் இருக்கிறது என்பது வேறு பேச்சு.

கோத்தகிரி வாத்தியார்

நல்ல பதிவு அம்மா. முப்பது ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன், அதில் பாதி நாட்களை மழைக்குத் தின்னக் கொடுத்தவன் என்ற உரிமையில் சிலவற்றை எழுதுகிறேன்.

இந்த மலைக்கு வந்த வெள்ளைக்காரர்கள் மழைக்குத் தங்களுக்கு வேண்டிய ஏற்பாட்டைச் செய்துகொண்டார்கள். 1875-இல் ஜபல்பூரில் தோன்றிய ஸ்னூக்கருக்கு விதிகள் எழுதிச் சுவரில் மாட்டப்பட்டது உதகை கிளப்பில்தான். பெரியவர்கள் மேசையைப் போட்டுக்கொண்டார்கள். பிள்ளைகளுக்குத் தரையை ஒதுக்க மட்டும் இன்றுவரை யாருக்கும் தோன்றவில்லை.

இடம் இல்லை என்பதை நான் ஏற்கமாட்டேன். ஒவ்வொரு ஹட்டியிலும் (படகர் ஊரிலும்) சமுதாயக் கூடம் இருக்கிறது, தேவாலயங்களுக்கு அரங்கங்கள் இருக்கின்றன, நகரில் திருமண மண்டபங்கள் இருக்கின்றன. அவற்றில் ஆடி மாதம் பூட்டு தொங்குகிறது. ஆடியில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை. ஆடி என்பது ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்டு நடுவரை, அதாவது உதகைப் பக்கம் மழை உச்சத்தில் இருக்கும் அதே முப்பது நாள். பூட்டிய கடைத் தம்பி சொன்னாரே, வருமானமும் தேவையும் சந்திப்பதில்லை என்று. இங்கே அது தலைகீழாகிறது. மண்டபக்காரருக்கு ஒரு ரூபாய்கூட வராத மாதத்தில் உங்களுக்குத் தரை தேவைப்படுகிறது. மாலை நான்கரையிலிருந்து ஆறு வரை என்று கேட்டுப் பாருங்கள், தரமாட்டேன் என்று சொல்ல அவருக்குக் காரணமே இருக்காது.

ஆட்டங்களைப் பற்றி: குலை குலையாய் முந்திரிக்காய், பூப்பறிக்க வருகிறோம், நொண்டி, இவை மூன்றும் மண்டபத்துக்காகவே பிறந்தவை. பந்து வேண்டாம், ஒரு பந்து உள்ளே வந்தால் பெரிய பையன்கள் நடுவை எடுத்துக்கொள்வார்கள், சிறுமிகள் சுவரோரம் நிற்பார்கள், இதை நான் நூறு முறை பார்த்திருக்கிறேன். தகரக் கூரைக் கூடமாக இருந்தால் விசிலை நம்பாதீர்கள். மழை இறங்கிவிட்டால் கூரைச் சத்தத்தில் எதுவும் கேட்காது. நான் ஒரு சிவப்புத் துணியை வைத்திருப்பேன். அதை உயர்த்தினால் அனைவரும் தரையில் உட்கார வேண்டும். அதையே ஒரு விளையாட்டாகப் பழக்கிவிட்டால் மின்சாரம் போகும் நாளில் உங்களைக் காப்பாற்றும்.

பெர்ன்ஹில்வாசி

ஐயா, ஆடி மாதத்தைப் பற்றி எனக்குத் தோன்றவே இல்லை. நாளைக்கே எங்கள் தெருவுக்குக் கீழே உள்ள மண்டபத்தில் கேட்கிறேன். கட்டடக்காரன் அண்ணன் அவர்கள், போய்ப் பார்க்கும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும் என்று தயவுசெய்து சொல்லுங்கள்.

கட்டடக்காரன்

இரண்டு வாசல், இரண்டும் வெளிப்பக்கம் திறக்க வேண்டும், விளையாடும் நேரம் முழுவதும் தாழ் போடாமல் இருக்க வேண்டும். சமையற்கூடத்தின் கதவு பூட்டியிருக்கட்டும், எரிவாயு உருளைகள் அந்தப் பக்கம்தான் இருக்கும். மேடையின் விளிம்பைப் பாருங்கள். மண்டபங்களில் குழந்தைகள் விழுவது பெரும்பாலும் அங்கேதான். தூண்களில் இடுப்பு உயரம் வரை பழைய மெத்தையைச் சுற்றிக் கயிற்றால் கட்டுங்கள். மொசைக் தரை ஈரக் காலில் வழுக்கும், எனவே குடையும் பூட்ஸும் வாசலுக்கு வெளியே நிற்க வேண்டும். கூடத்துக்குப் பின்னால் வெட்டிய மண்சரிவு இருந்து, அதில் புதிதாக விரிசலோ கலங்கல் நீரோ தென்பட்டால் அந்த மண்டபமே வேண்டாம்.

மருந்தும் மழையும்

அரை மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் சன்னல்களைத் திறந்துவிடுங்கள். காய்ச்சலோ கொப்புளமோ இருந்தால் அந்தக் குழந்தை அன்று வீட்டில்தான். எவ்வளவு அழுதாலும்.

பெர்ன்ஹில்வாசி

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும்.

மண்டப மேலாளர் முதலில் சந்தேகப்பட்டார். கட்சிக் கூட்டமா என்று கேட்டார். மின்சாரத்துக்கும் துப்புரவு அம்மாவின் கூலிக்கும் நாங்கள் கொடுத்துவிடுவோம் என்றதும் வாரத்தில் மூன்று மாலை கிடைத்தது. முதல் நாள் ஒன்பது குழந்தைகள், மூன்றாம் வாரத்தில் இருபத்தாறு. பெற்றோரில் எப்போதும் நான்கு பேர் உள்ளே இருக்க வேண்டும் என்று முறை வைத்திருக்கிறோம். மேடையைச் சுற்றி நாற்காலிகளை அடுக்கி மறைத்தோம். தூண்களுக்குப் பழைய மெத்தை கட்டினோம். ஒரு மெத்தைக்குள் ஓதம் ஏறி வாடை அடித்ததால் அதைக் கழற்றிச் சாக்கும் தேங்காய் நாரும் சுற்றினோம்.

தவறாகப் போனவற்றையும் சொல்லிவிடுகிறேன். காலுறையுடன் ஓடவிட்டதில் இரண்டு பிள்ளைகள் வழுக்கி விழுந்தார்கள்; ஒருவனுக்கு முன்பல் ஆடிவிட்டது, நல்லவேளையாகப் பால்பல். அதன்பின் வெறுங்கால் அல்லது உலர்ந்த ரப்பர் அடியுள்ள காலணி என்று மாற்றினோம். பெரிய பையன்களும் மூன்று வயதுக் குழந்தைகளும் ஒரே நேரத்தில் ஓடக்கூடாது என்பதையும் அன்றுதான் கற்றுக்கொண்டோம். முதல் நாற்பது நிமிடம் சிறியவர்களுக்கு. வாத்தியார் ஐயாவின் சிவப்புத் துணி இரண்டாம் வாரமே வேலைக்கு வந்தது. மின்சாரம் போய், ஜெனரேட்டர் வரும்வரை இருபது நொடி கும்மிருட்டு. கைபேசி வெளிச்சத்தில் துணியை உயர்த்தினேன், இருபத்திரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். என் மகன் மட்டும் நின்றுகொண்டு மற்றவர்களை எண்ணிக்கொண்டிருந்தான்.

ஆவணி பிறந்ததும் முகூர்த்தங்கள் தொடங்கிவிட்டன. மேலாளர் இப்போது வாரத்தில் ஒரு மாலையை மட்டும் ஒதுக்கியிருக்கிறார்.

வெலிங்டன்காரர்

வாழ்த்துகள் சகோதரி. ஆனால் எங்கள் பாடு என்ன என்று வாத்தியார் ஐயா சொல்லவில்லையே. எங்களுக்கு மழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும். இரண்டும் கல்யாண மாதங்கள். மண்டபக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

கோத்தகிரி வாத்தியார்

சிரித்தவரிடம் செவ்வாய்க்கிழமை எத்தனை கல்யாணம் பதிவாகியிருக்கிறது என்று கேளுங்கள். செவ்வாயிலும் சனியிலும் முகூர்த்தம் வைப்பவர்கள் குறைவு. சனிக்கிழமை மாலை ஞாயிறு முகூர்த்தத்துக்கு வரவேற்பு வைத்துவிடுவார்கள் என்பதால் சனி காலை உங்களுக்கு, மாலை அவர்களுக்கு. செவ்வாய் முழுவதும் உங்களுக்கு.

வெலிங்டன்காரர்

கேட்டேன் ஐயா. ஐப்பசி, கார்த்திகை இரண்டிலும் எல்லாச் செவ்வாய் மாலையும் காலியாக இருந்தது, எழுதி வாங்கிக்கொண்டேன். தூண்கள் மொத்தம் எட்டு. வெலிங்டன், அருவங்காடு பக்கத்தில் யாரிடமேனும் பழைய மெத்தை உலர்ந்த நிலையில் இருந்தால் தெரிவியுங்கள், நானே வண்டியில் வந்து எடுத்துக்கொள்கிறேன்.